பூச்சியம் காட்டிய மத்தியானம்

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஜின் என்றொரு படைப்பு இருக்கிறது என்பதை மறுக்கிற ஆளில்லை நான். ஆனால் யாராவது கண்டேன், கேட்டேன் என்று தொடங்கினால் எழுந்து போய்விடுவேன். பௌதிகம் படிப்பிக்கிறவள். அளந்து காட்டாத எவர் பேச்சையும் நம்பியதில்லை.

உம்மா மௌத்தான பிறகு கல்முனைக்குடி வீட்டில் நான் தனி. பஸ் ஏறிப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குப் போனால் அங்கேயும் அநேகமாகத் தனிதான். வெளிநாட்டில் ஒரு குழு, ஒரு கறுப்புத் தூளைக் கடுமையாக அமுக்கினால் போதும், குளிரூட்டாமலே மின்சாரம் துளித் தடையும் இல்லாமல் ஓடும் என்று அறிவித்திருந்தது. உண்மையென்றால் உலகமே மாறும். என்னோடு படித்த செல்வி இப்போது வெளிநாட்டில் ஆய்வாளர். அந்தத் தூளில் கொஞ்சம் அனுப்பி, "நீயும் ஒருக்காச் சோதிச்சுப் பாரு" என்றாள். இரண்டு வைர முனைகளுக்கு நடுவே மணலிலும் சிறிய துணிக்கை, அதில் மயிரை விட மெல்லிய நாலு தங்கக் கம்பி. மூன்று மாதம், முனைகளை அமுக்கும் திருகாணியை இறுக்கி இறுக்கி, தடையைக் காட்டும் மீட்டரைப் பார்த்தேன். தடை போகவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, உதவியாளர் அன்சார் காக்கா உட்பட ஆண்களெல்லாம் பள்ளிவாசலுக்கு ஜும்ஆத் தொழப் போய்விட்டார்கள். கட்டிடத்தில் நான் மட்டும். திருகாணியைக் கால் சுற்று இறுக்கினேன், நம்பினால் நம்புங்கள், மீட்டர் சரசரவென்று விழுந்து பூச்சியத்தில் நின்றது. சொல்ல ஆளில்லை. போனை எடுத்து செல்விக்குக் குரல்பதிவு போட்டேன்: "செல்வி, கிடைச்சிட்டு, பூச்சியம், நாளைக்கே எழுதுவம்..."

தோளுக்குக் கிட்ட ஓர் ஆண்குரல். "கம்பி முட்டிட்டு இரிக்கி. பாருங்க."

"எதுல?" என்றபடி திரும்பினேன். யாருமில்லை. கதவு, நான் உள்ளே பூட்டியது பூட்டியபடி. அப்படியே விறைத்து நின்றேன். போனை அழுத்தியிருந்த விரல் எப்போது விலகியதோ, பதிவு செல்விக்குப் போய்விட்டது.

நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நாலில் அளக்கிற இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று முட்டிக் கிடந்தன. அப்படி முட்டினால் எந்தப் பொருளுக்கும் மீட்டர் பூச்சியம்தான் காட்டும். வெறுங்கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

கொஞ்ச நேரத்தில் அன்சார் காக்கா தொப்பியோடு வந்து கதவைத் தட்டினார்.

"காக்கா, நீங்க முதல்ல ஒருக்கா வந்தீங்களா?"

"இல்ல மிஸ், இப்பதான் பள்ளியால வாறன். என்ன, முகமெல்லாம் வேர்த்திரிக்கி?"

கம்பிகளைப் பிரித்து மறுபடி அளந்தோம். தடை இருந்தது. எவ்வளவு இறுக்கியும் இருந்தது. அவர்கள் சொன்னது எங்கள் கையில் நடக்கவில்லை என்றுதான் கடைசியில் எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரமே செல்வி போனில் கோல் எடுத்தாள். "ஆர் அது பக்கத்தில? வடிவாக் கதைக்கிறார்."

"என்ன சொல்றார்?"

"கம்பி முட்டியிருக்காம். நீ எதுல எண்டு கேக்கிறாய். அதுக்குப் பிறகு, 'நீங்க தனிய இல்ல, நான் இஞ்சதான் இரிக்கன்' எண்டுறார்."

அந்த இரண்டாவது பேச்சு என் காதில் விழவே இல்லை. அதே பதிவை நான் போட்டுக் கேட்டால் என் குரல், மின்விசிறிச் சத்தம், "எதுல?", திரும்ப மின்விசிறி. அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியவள்தானே நான். ஆனால் இப்போதெல்லாம் ஆய்வுகூடத்தைப் பூட்டுமுன் விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்சம் நிற்கிறேன். ஒன்றும் கேட்பதில்லை. அந்தக் குரல் கேட்காதா என்றுதான் நிற்கிறேன் என்பதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு சில்லிடுகிறது.