எட்டுச் சுற்றும் நின்றவர்

“போதுமா தம்பி, எந்திரிக்கட்டுமா?” என்று கேட்டபடி குத்துச்சண்டை மேடையின் கித்தான் விரிப்பில் அவர் மல்லாந்து கிடந்தார். மாலை நாலு மணி. தகரக் கூரைக்குக் கீழே நாற்காலிகள் எல்லாம் காலி. அவருக்கு மேலே முஷ்டியை ஓங்கி நின்ற மணிலாக்காரனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அவன ஆடாம நிக்கச் சொல்லுங்க தம்பி. கெடக்குற நானே சும்மா கெடக்கேன், நிக்கிறவனுக்கு என்ன?” என்றார். படத்துக்கு வெளிச்சம் தர நான் மக்னீசியப் பொடியைக் கொளுத்தினேன். வெளிச்சம் ஒரு கணம் வெடித்து, புகை கூரையில் போய் முட்டியது.

இரண்டாம் உலகப் போருக்குச் சில ஆண்டுகள் முந்திய கோலாலம்பூர் அது. அவர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் ஃபிட்டர் அண்ணன். நான் அதே ரயில்வேயில் குமாஸ்தா. ஆங்கிலம் படித்தவன் என்ற மிதப்பும், கண்ணாடித் தகட்டில் படமெடுக்கும் ஒரு கேமராவும் என்னிடம் இருந்தன. ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு அவ்வப்போது படம் கொடுத்துவந்தேன்.

சனிக்கிழமை இரவுகளில் கேளிக்கைப் பூங்காவில் குத்துச்சண்டை நடக்கும். மேடைக்கு மேலே தொங்கிய மின்விளக்குகள் மனிதக் கண்ணுக்குப் போதும், என் தகட்டுக்குப் போதாது. வீசிய கை வெறும் வெள்ளைப் புகையாகத்தான் பதியும். ஆட்டம் நடக்கையில் பொடி கொளுத்தவும் கூடாது. ஆடுபவர்களின் கண் கூசிவிடும். ஆகவே படக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மாலையிலேயே இருவரையும் மேடையேற்றி, இவர் விழுந்ததாக ஒன்று, அவர் விழுந்ததாக ஒன்று எடுத்து வைத்துக்கொள்வோம். இரவு யார் விழுகிறாரோ அவருடைய படம் பத்திரிகைக்குப் போகும்.

ஃபிட்டர் அண்ணன் முதலில் மறுத்தார். “பதினோரு வருசமா ஆடுறேன் தம்பி. இந்த முதுகு இன்னும் கித்தானத் தொட்டதில்ல. எனக்குன்னு இருக்கிற சொத்தே அதுதான்” என்றார். யாரும் விழாமல் ஆட்டம் முடிந்தால் இரண்டு தகட்டையும் உடைத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதை நம்பித்தான் படுத்தார்.

அன்று இரவு யாரும் விழவில்லை. புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் வழிய, எட்டுச் சுற்றும் அவர் நின்றார். புள்ளிக் கணக்கில் தோற்றார். மணிலாக்காரனைக் கட்டிப்பிடித்துவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் படி இறங்கிப் போனார். மேடையோரத்திலிருந்து நான் எடுத்த தகடுகளில் இரண்டு பேய்கள்தான் இருந்தன. மின்விளக்கிலேயே படமெடுக்க வழி கண்டுபிடித்துவிட்டதாக ஆசிரியரிடம் ஒரு மாதமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன். வெறுங்கையோடு போக மனம் வரவில்லை. மாலையில் அவர் மல்லாந்து கிடக்க எடுத்த தகட்டில், காலி நாற்காலிகள் தெரிந்த இடங்களை பிளேடால் சுரண்டினேன். சுரண்டிய இடம் அச்சில் கறுப்பாக, இரவைப் போலவே வரும். வந்தது.

படம் வெளியானதும் என் பெயர் ஊரெல்லாம் பேசப்பட்டது. எங்கள் வெள்ளைக்கார அதிகாரி அதைத் தன் அறைச் சுவரில் மாட்டினார். பட்டறையில் ஃபிட்டர் அண்ணனை, “என்னா ஃபிட்டரே, மெத்த சொகமா இருந்துச்சா?” என்று கேட்டார்கள். வேண்டுமென்றே படுத்துவிட்டார் என்ற பேச்சும் கிளம்பியது. அன்று மேடையருகே உட்கார்ந்து கண்ணால் பார்த்தவர்களே கொஞ்சம் கொஞ்சமாக, “ஆமா லா, ஏழாவது ரவுண்டுல விழுந்தாரு, நான் பார்த்தேன்” என்று சொல்லத் தொடங்கினார்கள். அதுதான் இன்றுவரை எனக்குத் திகிலாக இருக்கிறது.

ஒரு காலை, ஸ்டேஷன் பக்கத்துக் காப்பிக் கடையில் பத்துப் பேர் இருக்கும்போது என் மேசைக்கு வந்தார். புருவத் தையல் இன்னும் பிரிக்கவில்லை.

“தம்பி, அது சாயந்தரம் எடுத்ததுன்னு இவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, “நான் கண்ணால பார்த்தத்தாண்ணே எடுத்தேன்” என்றேன்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். எத்தனையோ மேடைகளில் எதிராளிகளை விழவைத்த அந்தக் கைகள் என் மேசை விளிம்பில் சற்று நேரம் இருந்தன. பிறகு எடுத்துக்கொண்டார். “சரிங்க சார்” என்றார். அதுவரை அவர் என்னைத் தம்பி என்றுதான் அழைத்திருந்தார்.

அந்த வருடமே வேலையை விட்டுக் கிள்ளான் துறைமுகத்துக்குப் போய்விட்டார். மறுபடி மேடை ஏறவில்லை. நான் பதவி உயர்ந்தேன், ஓய்வு பெற்றேன். இப்போது அரங்கத்தில் பகலைப் போல விளக்கெரிகிறது. அந்தரத்தில் நிற்கும் பந்தையும் அதன் தையலையும் பத்திரிகைக்காரப் பையன்கள் அநாயாசமாகப் பிடித்துவிடுகிறார்கள். அவர்கள் யாரையும் பொய்யாகப் படுக்கவைக்க வேண்டியதில்லை. ஆனால் அன்று எனக்கும் அந்த அவசியம் இருக்கவில்லை. படம் வரவில்லை என்று ஆசிரியரிடம் சொல்லியிருந்தால், ஒரு வாரம் வெட்கப்பட்டிருப்பேன், அவ்வளவுதான்.

போன மாதம் அவர் இறந்த செய்தி கேட்டு, கிள்ளானை அடுத்த பண்டமாரானில் அவர் வீட்டுக்குப் போனேன். அவரை எடுத்துப்போய் இரண்டு நாளாகியிருந்தது. ஜெபம் முடிந்து எல்லாரும் கலைகிற நேரத்தில், அவருடைய மகளிடம் மட்டும் தணிந்த குரலில் சொன்னேன்: அந்தப் படம் மாலையில் எடுத்தது, உங்கள் அப்பா அன்று விழவேயில்லை.



“அப்பா சாகுற வரைக்கும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு அங்கிள். நாங்கதான் சிரிச்சோம். பேப்பர்லயே வந்துருச்சேப்பா, இன்னும் எதுக்குப்பான்னு.”

பிறகு வாசலைப் பார்த்துத் தன் அண்ணன்மாரைக் கூப்பிட்டார். செருப்பு மாட்டியவர்களும் திரும்பி உள்ளே வந்தார்கள்.

“இன்னொருக்கா சொல்லுங்க அங்கிள். சத்தமா” என்றார்.

எழுந்து நின்று சொன்னேன்.