கிணற்றுப் பூச்சியின் மூச்சு

எங்கள் கிணற்றை மூட வந்த ஜேசிபி டிரைவர், மண்ணைத் தள்ளுவதற்கு முன்னால் அம்மாவிடம் பைப்பு கேட்டார்.

"பைப்பு இல்லாம நான் கை வைக்க மாட்டேங்க்கா. கெணறு மூச்சு விட வேணாவா?"

செஞ்சிப் பக்கம் இது வழக்கம்தான். கிணற்றை மூடினாலும் நடுவில் ஒரு குழாயை நட்டு, அதன் வாயை மண்ணுக்கு மேலே விட்டுவைப்பார்கள். நைனா செத்த பிறகு பெரியப்பா தன் பங்கு நிலத்தை மனை போட விற்றுவிட்டார். கிணறு அந்தப் பங்கில் இருந்தது. எங்களை ஒரு வார்த்தை கேட்கவா போகிறார்கள்?

மூச்சு என்று அந்த டிரைவர் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கிணற்றுக்குள் நிஜமாகவே மூச்சு விடுகிற உயிர்கள் இருந்தன. அதைப் பற்றி எவனுக்கு என்ன கவலை? கல்லூரியில் என் ஆராய்ச்சியே அவற்றைப் பற்றித்தான். இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துச் சொந்தமான பூச்சிகள். கடுகில் பாதிகூட இருக்காது. நிலத்தடியிலிருந்து ஊற்றுக்கண் வழியே வருபவை. கண் கிடையாது, நிறமும் கிடையாது. அவற்றின் உறவுக்கார இனம் ஒன்று செஞ்சிக் கோட்டைக்குள் செட்டிகுளத்தில் வெயில் காய்ந்துகொண்டு நீந்தும். இரண்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, தண்ணீரின் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பேன். அவை மூச்சு விடும் வேகம் அதில் தெரிந்துவிடும்.

குளத்துப் பூச்சிக்கு வெயில் பழக்கம். மத்தியானத்தில் தண்ணீர் சுட்டால் வேகமாக மூச்சு விடும், நிறையத் தின்னும். விடியலில் தண்ணீர் குளிர்ந்தால் தானாக அடங்கிவிடும். கிணற்றுப் பூச்சிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சித்திரையோ மார்கழியோ, நிலத்தடியில் சூடு பெரிதாக மாறாது. தின்னவும் அங்கே அதிகம் கிடைக்காது. கொஞ்சமாகத் தின்று, மெதுவாக மூச்சு விட்டு, சிக்கனமாகவே வாழ்ந்து பழகிய பிறவி. சூட்டைச் சற்று ஏற்றினாலும் பதறிப்போய், உடம்பில் சேர்த்துவைத்ததை எல்லாம் எரித்துத் தீர்க்கும். இன்னும் ஏற்றினால் மூச்சு விழும். அப்புறம் எவ்வளவு குளிரவைத்தாலும் எழாது.

அன்று காலையில் கடைசியாக ஒருமுறை வலை போட்டு ஒரு பாட்டில் நிறையப் பூச்சிகளை எடுத்துவைத்தேன். சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ கிணறுகளில் தேடியும் வேறெங்கும் எனக்கு அவை கிடைத்ததில்லை. பாட்டிலை மண்பானைத் தண்ணீருக்குள் இறக்கி, பானையைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினேன். மறுநாள் முதல் பஸ்ஸில் கல்லூரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குத் தெர்மாகோல் பெட்டி வாங்கச் செஞ்சி பஜாருக்குக் கிளம்பினேன்.

"பத்திரம்மா. இது போச்சுன்னா அவ்ளோதான், வேற கிடையாது" என்றேன்.

"நான் பாத்துக்கறேன், நீ போய்ட்டு வா" என்றாள் அம்மா.

பஜாரில் அனல் அடித்தது. மலைப் பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் திருப்பிக் கக்கிக்கொண்டிருந்தன. இருட்டும் நேரத்தில்தான் வீடு திரும்பினேன். பானைக்குள் கை விட்டேன். பாட்டில் இல்லை.

"அம்மா, பாட்டில் எங்க?"

"சாமி மாடத்துல வச்சிருக்கேன். கெணத்துத் தண்ணின்னு இனிமே நமக்கு இருக்கறது அது ஒண்ணுதானே? கால் படற எடத்துல வைக்கலாமா?"

சுவரில் குடைந்த சின்ன மாடம் அது. பாட்டிலுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, அதை ஒட்டியே விளக்கும் ஏற்றியிருந்தாள். கிணறு மூடிய நேரத்திலிருந்து அது எரிந்துகொண்டிருந்ததாம். பாட்டிலைத் தொட்டேன், குளிப்பாட்டுகிற வெந்நீர் போல இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில் பூச்சிகள் வெள்ளைத் தூசாகப் படிந்து கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. முந்தின நாள் குளத்துப் பூச்சிகளைப் பிடித்து வெளியே மதில்மேல் வைத்திருந்த பாட்டில் பகல் முழுக்க வெயிலில் கிடந்தும், அதில் அந்தச் சனியன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"உன்னை யாரும்மா எடுக்கச் சொன்னது? என் படிப்பே போச்சு! எல்லாம் செத்துப்போச்சு!" என்று கத்தினேன்.

அம்மா கிட்டே வந்தாள். பாட்டிலை வாங்கி வெகுநேரம் உற்றுப் பார்த்தாள்.

"இதுக்குள்ள உசுரு இருந்துச்சா? தண்ணின்னுதாண்டி நெனச்சேன்."

அம்மா கிணறு இருந்த பக்கம் திரும்பினாள்.

"அடியில மிச்சம் இருக்கும் இல்ல? அதான் பைப்பு வச்சிருக்கே."

இருக்கலாம். ஆனால் அந்தக் குழாய்க்குள் என் வலை போகாது. அவை இனி இருந்தாலும் செத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

அம்மா மாடத்திலிருந்த பூவை எடுத்தாள். திரியை எண்ணெய்க்குள் இழுத்து விளக்கைக் குளிரவைத்தாள். நைனா செத்த அன்றைக்கும் இப்படித்தான் செய்தாள்.

"காரியம் முடியட்டும், அப்பறம் ஏத்திக்கலாம்" என்றாள்.