உயிரோடு போய்ச் சேர வேண்டிய துண்டு

பரிசோதனைக்கூடக் கவுண்டரில் இருந்த பெண் தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் திறந்தார். உள்ளே தூளாக்கிய ஐஸ். நடுவில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய சின்ன பாட்டில். அவர் பாட்டிலை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துக் குலுக்கிப் பார்த்தார். உள்ளே எதுவும் அசையவில்லை.

"யார் பேக் பண்ணது?"

"நான்தாம்மா," என்றான் மாமாவின் தம்பி. குரலில் பெருமை இருந்தது. "நேத்து சாய்ங்காலம் கட்னது. ஒரு சொட்டு தண்ணி ஆவல பாருங்க."

"உறைஞ்சு போயிருக்கு. இது ஆகாது. வேற சாம்பிள் கொண்டு வாங்க."

"வேறன்னா? அது எங்கண்ணன் கய்த்துலேர்ந்து எட்த்ததும்மா. இன்னா, கடையிலயா வாங்கினு வந்தோம்?"

அந்தப் பெண் பெட்டியை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

மாமா என் அக்காவின் கணவர். காசிமேட்டில் மீன் ஏலம் கூறுபவர். கழுத்தில் இடது பக்கம் கோலிக்குண்டு அளவில் இரண்டு கட்டிகள் வந்தபோது, ராயபுரத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு டிபி என்றார். வடசென்னையில் கழுத்துக் கட்டி என்றால் டிபி என்பது எழுதப்படாத சட்டம். மாமா மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று. கட்டிகள் நான்காயின. அதன் பிறகுதான் ஒரு கட்டியை அறுத்துப் பார்க்கலாம் என்று யாருக்கோ தோன்றியது. பார்த்தார்கள். டிபி இல்லை. லிம்ஃபோமா, நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய்.

எந்த வகை என்பதில் மாமாவைச் சேர்த்திருந்த மருத்துவமனைக்குள்ளேயே கருத்து வேறுபாடு. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும் இரண்டு வகைகள் உண்டாம். ஒன்று மெதுவாக நகரும். மருந்தே கொடுக்காமல் வருடக்கணக்கில் கவனித்துக்கொண்டிருக்கலாம். மற்றது பார்வைக்கு மட்டும் சாது. காத்திருந்தால் ஆளை முடித்துவிடும். பிரித்துச் சொல்லக்கூடியது செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம். பதினொன்றாவதும் பதினான்காவதும் முறிந்து ஒன்றின் துண்டு மற்றொன்றில் ஒட்டியிருந்தால் இரண்டாவது வகை. இதைப் பார்ப்பதற்குச் செல்களைப் பரிசோதனைக்கூடத்தில் வளர்க்க வேண்டும்; அவை இரண்டாகப் பிரியும் தருணத்தில் பிடிக்க வேண்டும். செத்த செல் பிரியாது. ஆகவே துண்டு உயிரோடு போய்ச் சேர வேண்டும்.

இவ்வளவையும் எனக்கு விளக்கியவர் அந்த வார்டின் இளம் டாக்டர். அழகாக விளக்கினார், காகிதத்தில் படம் போட்டு. பாட்டில் உறைந்துபோன மறுநாள்.

அதற்கு முன்பு நடந்தது இது. நான் அப்போது ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். குரோமோசோம் பார்க்க கழுத்திலிருந்து இன்னொரு துண்டு எடுத்த அன்று பணியில் இருந்தேன். நடந்ததை மாமாவின் தம்பியிடமும் அக்காவிடமும் தனித்தனியாகக் கேட்டேன்; இரண்டும் ஒத்துப்போயின. தியேட்டர் கதவு திறந்தது. நர்ஸ் மாமாவின் பெயரைச் சொல்லி, கூட வந்தவர் யார் என்று கேட்டார். தம்பி போனான். உப்புநீர் ஊற்றிய பாட்டிலும் பரிசோதனைக்கூடத்தின் பெயர் எழுதிய சீட்டும் அவன் கைக்கு வந்தன. "வெயில்ல வெக்காத. ஐஸ்ல வெச்சு எடுத்துட்டுப் போ." அவ்வளவுதான். கதவு சாத்தப்பட்டது.

அறுத்தெடுத்த சதையை நோயாளியின் வீட்டாரிடம் கொடுத்து, பஸ் ஏறிக் கொண்டுபோகச் சொல்வது அங்கே நடைமுறை. அந்தப் பரிசோதனைக்கூடம் ஊரின் தெற்குக் கோடியில் இருந்தது. பாரிமுனையில் பஸ் மாறி அவன் போய்ச் சேர்ந்தபோது, சாம்பிள் வாங்கும் நேரம் முடிந்துவிட்டது. நாளைக் காலையில் வா என்றார்கள். அதுவரை எப்படி வைத்திருப்பது என்று யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? கேரளாவுக்குப் போகும் லாரிகளில் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் கட்டுவது அவன் தொழில். வஞ்சிரத்தையும் இறாலையும் கெடாமல் அனுப்பத் தெரிந்தவனுக்கு விரல்நுனி அளவு சதை எம்மாத்திரம்? ஐஸை நன்றாக நொறுக்கினான். குளிர் இன்னும் ஏறட்டும் என்று தூரத்து லோடுக்குச் செய்வதுபோல் கல்லுப்பைக் கலந்தான். பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டினான்.

மீன் செத்த பிறகு ஐஸில் போகிறது. இது சாகக்கூடாதது. அந்த ஒரு வார்த்தையை நர்ஸ் சொல்லியிருந்தால் போதும்.

இளம் டாக்டர் படம் போட்டு முடித்ததும், பெரிய டாக்டர் மாணவர்களோடு வந்தார். செய்தி கேட்டதும் தம்பியைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்ப்பா, மீன்னு நெனச்சியா? குழம்பு வெக்கவா கொண்டுபோனே?"

மாணவர்களும் சிரித்தார்கள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். ஏலக்கூடத்தில் யார் சீண்டினாலும் அடுத்த நொடியே திருப்பிக் கொடுக்கிறவன் அவன்.

"உங்க ஆளை ஏன் அனுப்பல?" என்று கேட்டேன்.

"ஆள் எங்க சார் இருக்கு? எல்லாரும் இப்படித்தான் கொண்டுபோறாங்க."

"எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுதா?"

அவர் என்னை அப்போதுதான் முழுதாகப் பார்த்தார். "நீங்க என்ன பண்றீங்க?"

சொன்னேன். சிரிப்பு நின்றது. "பேப்பர்ல எதுவும் போட்டுடாதீங்க சார். ஏழைங்க வர்ற இடம்."

ஏழைகள் வரும் இடம் என்பதால்தான் போட வேண்டும் என்று நினைத்தேன். எழுதியும் கொடுத்தேன். மருத்துவமனையின் விளக்கம் இல்லாமல் போட முடியாது என்று செய்தி ஆசிரியர் சொன்னார். விளக்கம் கேட்டுப் போகலாம் என்றால், மாமா அவர்கள் கையில் அதே வார்டில்தான் படுத்திருந்தார். கட்டுரை என் மேசை டிராயரிலேயே கிடந்தது.

முடிவு தெரியும்வரை மெதுவான வகை என்று வைத்துக்கொள்வோம், காத்திருக்கலாம் என்றார்கள். கழுத்துக் காயம் ஆற வேண்டும், தியேட்டரில் தேதி கிடைக்க வேண்டும். வாரங்கள் போயின. மாமாவின் சட்டைக் காலர் தொளதொளவென்று ஆனது. இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார்.

இந்த முறை அக்குளிலிருந்து எடுத்தார்கள். உள்ளே போகும்முன் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா மச்சான், கய்த்து ஒரு லாட்டு, கம்கட்டு ஒரு லாட்டு. மீதிய மொத்தமா ஏலம் வுட்ருவாங்களா?"

"சும்மா கெட மாமா."

"ரேட்டு கொறச்சு வுடாத. சொல்லிட்டேன்."

அதற்கு முந்தின நாள் நானே பரிசோதனைக்கூடத்துக்குப் போயிருந்தேன். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேட்டதும், அதே கவுண்டரில் அதே பெண் ஒரு குழாயை எடுத்து நீட்டினார். அதில் இளஞ்சிவப்பாக ஒரு திரவம். செல்களை உயிரோடு வைத்திருக்குமாம். ஒரு ராத்திரிகூடத் தாங்கும், ஐஸில் புதைக்கக் கூடாது, வெயில் படாமல் கொண்டுவந்தால் போதும் என்றார்.

"இது எப்பவும் கெடைக்குமா?"

"கேட்டா குடுப்போம் சார்."

கேட்டால். எந்தப் பெயரைச் சொல்லி, எந்தக் கதவில் கேட்பது? மருத்துவமனை அனுப்பிய சீட்டில் முகவரி இருந்தது, குழாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் அங்கேயே நின்று அந்தப் பெண்ணிடம் கத்தினேன். அவர் என்ன செய்வார்? ஆனாலும் கத்தினேன்.

இந்தத் தடவை செல்கள் வளர்ந்தன. முடிவு வந்தது. பதினொன்றும் பதினான்கும் துண்டு மாறியிருந்தன. காத்திருக்கக் கூடாத வகை. அதற்குள் மண்ணீரல் வீங்கியிருந்தது, எலும்பு மஜ்ஜையிலும் பரவியிருந்தது. அன்றே மருந்து ஏற்ற ஏற்பாடு செய்தார்கள்.

பெரிய டாக்டர் கட்டிலருகில் நின்று கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தம்பி கிட்டே போனான்.

"சார், நான் ஐஸ்ல வெச்சேனே, அதாலதான் லேட்டா பூட்ச்சா?"

டாக்டர் நிமிரவில்லை. "ஆமா," என்றார்.

"டாக்டர்," என்றேன், "அவன் தப்பு இல்லைன்னு அவன்கிட்ட சொல்லுங்க. நீங்க சொல்லுங்க."

"சார், இப்ப அதுவா முக்கியம்?" அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மாமா கண்ணை மூடியபடி, "டேய், அவுரு கெடக்குறாரு, நீ இங்க வந்து ஒக்காரு," என்றார். தம்பி உட்காரவில்லை.

மாமா அடுத்த மழைக்காலத்தைப் பார்த்தார், அதற்கடுத்ததைப் பார்க்கவில்லை. முதல் துண்டு சரியாகப் போயிருந்தால் எவ்வளவு காலம் கூடியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. தம்பிக்கு மட்டும் சந்தேகமே இல்லை. குழாயைப் பற்றி, மூடிய கவுண்டரைப் பற்றி, டிபி மாத்திரை தின்ற மாதங்களைப் பற்றி அவனிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்பான்.

"கரீட்டுண்ணா," என்பான். "ஆனா டாக்டரே சொன்னாருல்ல."