கல்லாப்பெட்டியில் ஒரு ஃபோன்

வின்ஸ்டன் போல ஒரு அழுத்தக்காரனை நான் பார்த்ததில்லை. துடியலூரில் என் பேக்கரிக்குப் பதினோரு வருடமாக வருகிறான். ஒரு டீ, ஒரு தேங்காய் பன். பேச்சு என்றால் "சூடா குடுங்கக்கா", அவ்வளவுதான்.

போன வருடம் மட்டும் வாயைத் திறந்தான். லேத் பட்டறையை விற்று ஷேர் மார்க்கெட்டில் இறங்கியவன், ஒரே நாளில் நாலு லட்சத்தைத் தொலைத்திருந்தான். காலையில் போனது இருபதாயிரம்தானாம். விட்டதைப் பிடிக்கிறேன் என்று மேலும் மேலும் போட்டதில் எல்லாம் போச்சு. மனைவி கெசியாவிடம் ஒன்றும் போகவில்லை என்று சாதித்திருக்கிறான். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டும் நாளில் குட்டு உடைந்தது. அவள் மகளைக் கூட்டிக்கொண்டு காரமடையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கே அவனை நாலு அறை விடலாம் போலிருந்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. இப்போது கையில் இருப்பதையெல்லாம் ஒன்றிலேயே போடுவதில்லை. எந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிட வேண்டும் என்று முதலில் எழுதிவைத்துவிட்டுத்தான் வாங்குவான். ஒரு நாளைக்கு எண்ணூறு ரூபாய் போனால் அன்றைக்கு வியாபாரம் முடிந்தது. கை சும்மா இருக்காதே, அதனால் ஃபோனை என் கல்லாவில் வைத்துவிடுவான்.

"மூணரைக்கு மார்க்கெட் மூடற வரைக்கும் கால்ல உளுந்து கேட்டாலும் குடுக்காதீங்கக்கா."

ஒருதரம் கேட்கவும் கேட்டான். "மார்க்கெட் திரும்பிருச்சுங்கக்கா, அஞ்சே நிமிசம்!"

"போ சாமி, போயி வேற சோலியப் பாரு" என்று கல்லாவைப் பூட்டினேன். திரும்பிப் போய்விட்டான். ஆள் இல்லாத வீட்டில் ஃபோனும் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

நேற்று பதினொன்றரைக்கே ஃபோன் கல்லாவுக்கு வந்துவிட்டது. ஒரு மணிக்கு அது அடித்தது. கெசியா! எட்டு மாதத்தில் முதல் தடவை. நமக்கெதற்கு என்று விட்டேன். மறுபடியும் அடித்தது. மார்க்கெட்டே கதி என்று கிடக்கிறான் என நினைத்துவிடுவாளே! எடுத்துவிட்டேன்.

"பேக்கரி அக்கா பேசறேன் அம்மணி. உங்கூட்டுக்காரருக்கு இன்னிக்கு எண்ணூறு போயிருச்சு. ஃபோனை எங்கிட்டக் குடுத்துப்போட்டுப் போயிட்டாரு."

"எண்ணூறோட நிறுத்திட்டாருங்களா?"

"ஆமா அம்மணி."

"நிசமாலுமுங்களா?"

"உங்கிட்டப் பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போவுது?"

வைத்துவிட்டாள். எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்ததே எனக்குக் கோபம்!

மூன்றரைக்கு வந்தவன் ஃபோனில் கெசியாவின் பெயரைப் பார்த்ததும் அப்படியே நின்றான். நடந்ததைச் சொன்னேன்.

"நம்புனாளாங்கக்கா?"

"தெரியலையே கண்ணு."

இன்று ஒன்பது மணிக்கே, மார்க்கெட் திறக்கும் முன்பே, வந்து ஃபோனை நீட்டினான்.

"இன்னிக்கு இன்னும் ஒண்ணும் போகலையே?" என்றேன்.

"இன்னிக்கு வியாபாரம் இல்லீங்கக்கா. அவ கூப்புட்டா நீங்களே எடுங்க. நாஞ் சொன்னா நம்ப மாட்டா."

வாங்கி உள்ளே வைத்தேன். ஒரு மணி தாண்டிவிட்டது. டீ ஆறிக்கிடக்க, அவன் கல்லாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.