பி.பி. மெயில்

ராயபுரத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான் என் கணவரின் அலுவலகம். அவர் சரக்கு சர்வேயர். கப்பலில் வந்த சரக்கு நனைந்தோ நசுங்கியோ போனால், இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கிற தொழில். பகலெல்லாம் துறைமுகத்தில் இருப்பார். நான் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் வெப்சைட்டும் மெயிலும் என் பொறுப்பாயின. அப்போது என் பெண் கைக்குழந்தை.

வெப்சைட் என்பது ஒற்றைப் பக்கம். மேலே ஒரு கப்பல் படம், கீழே எங்கள் மெயில் முகவரி. பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஒருவர் செய்து கொடுத்தது. அவர் சென்டரை மூடிவிட்டுப் போனபோது பாஸ்வேர்டும் அவரோடு போயிற்று. அதன் பிறகு அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை.

போன் இல்லாத வீடுகள் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, பி.பி. என்று போட்டுக்கொள்வது எங்கள் தெருவில் வழக்கம். எங்கள் நம்பர் பல கல்யாணப் பத்திரிகைகளில் அப்படி அச்சாகியிருக்கிறது. கூப்பிட்டால் ஓடிப்போய் அழைத்து வர வேண்டும், அவ்வளவுதான். மெயிலையும் அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

முதலில் வந்தவர் காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா. அவருடைய மகன் கத்தாரில் வெல்டர்.

"எம்புள்ள மெயிலு கேட்டான்மா. நமக்கு ஏது? உன்துதான் குடுத்துக்கீறேன்."

கொடுத்த பிறகு என்ன சொல்வது? சரி என்றேன். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வெளிநாட்டிலிருந்த தங்கள் பிள்ளைகளுக்கு அதையே கொடுத்தார்கள்.

ஒரு வாரம் என் கணவர் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் மெயிலை எதிர்பார்த்திருந்தார். "அவங்க பட்டியல்ல நம்ம பேர் ஏறிட்டா போதும். வேலை தானா வரும்" என்றார். தினமும் திரும்பி வந்து ஷூவைக் கழற்றும் முன்பே, "மெயில் பாத்தியா?" என்பார். பார்த்தேன் என்பேன். பார்த்தது போதுமா, இன்னொரு முறை பார்த்திருக்க வேண்டுமோ என்று அப்புறம் தோன்றும்.

அதே வாரத்தில்தான் அக்காவின் மகனுக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டாருக்குக் காட்ட அவன் தன் படத்தை அனுப்பியிருந்தான். பெரிய படம். போன் லைனில் அது தலைமுடியிலிருந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கும். தெருவில் டிரெய்லர் லாரி போனால் ஜன்னல் அதிரும், குழந்தை விழித்துக்கொள்ளும், படம் மட்டும் அசையாது.

"மூஞ்சி எப்பம்மா வரும்?"

"வருதுக்கா. லைன் மெதுவா இருக்கு."

"கடல் தாண்டி வர்து இல்ல. மெதுவாத்தான் வரும்."

மார்பு வரை வந்ததும் லைன் அறுந்தது. எத்தனை முறை முயன்றாலும் அங்கேதான் அறுந்தது. வந்தவரை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். எங்களிடம் இருந்தது கறுப்பு வெள்ளை பிரிண்டர்.

"ஐயே, இன்னாம்மா இது? மால போட்டு மாட்டி வெக்கறா மாதிரி கீது. பொண்ணு வூட்ல பாத்தா ஓடிடுவாங்க." பிறகு அவரே முடிவு செய்தார். "வெள்ளிக்கெழம அவங்கள இங்கியே இட்டாறேன். கலர்ல பாக்கட்டும். அதுவரிக்கும் அழிச்சிடாத, கண்ணு."

அத்தோடு விடாமல் மகனிடம் போனில், படம் முழுசாக வரவில்லை என்று சொல்லிவிட்டார். அவன் அதையே திரும்பத் திரும்ப அனுப்பினான். எங்கள் மெயில் பெட்டியில் இருந்ததே கொஞ்சம் இடம். நிறைந்துவிட்டால் புது மெயில் உள்ளே வராது. நான் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழிப்பேன். குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வருவதற்குள் மறுபடி நிறைந்திருக்கும். அனுப்பாதே என்று அவனுக்கு எழுதினேன். அனுப்புவதோடு சரி, அம்மா போனில் சொன்னால்தான் வந்த மெயிலைப் பார்ப்பான் என்று பிறகு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் பூவும் பழமுமாக வந்து, முன்னறையில் கம்ப்யூட்டரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மகன் மார்பு வரை வந்தான்.

"காலு நல்லா கீதா?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

"நடந்துதான் பிளேன் ஏறினான், நைனா" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே டீ போட எழுந்தேன்.

மறுநாள் காலை அந்தக் கம்பெனியின் சென்னை ஏஜென்ட் போன் செய்தார். "மேடம், உங்க ஆபீஸ் நடக்குதா? மெயில் போட்டா திரும்பி வருதாம். இப்ப நடக்கலன்னு நினைச்சு வேற ஆளப் போட்டுட்டாங்க."

நடக்குது சார், நடக்குது என்றேன். அவர் வருத்தம்தான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மதியம் அக்கா ஒரு கூறு சங்கரா மீனோடு வந்தார். பெண் வீட்டில் சரி என்றுவிட்டார்களாம். "உன் புண்ணியம்மா" என்று என் கன்னத்தைத் தொட்டார். ஈரக் கை. நான் மீனை வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் கணவர் வந்தார். "மெயில் பாத்தியா?"

ஏஜென்ட் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் ஒரு ஷூவைக் கழற்றினார். "வேற அட்ரஸ் மாத்திடலாமா?" என்றார்.

"வெப்சைட்ல மாத்த முடியாதேங்க."

"ஆமா" என்று இன்னொன்றையும் கழற்றினார். ராத்திரி அக்கா கொடுத்த மீனில் வைத்த குழம்பைச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை எல்லாவற்றையும் அழித்துப் பெட்டியைக் காலி செய்தேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கம்பெனி மனம் மாறி ஒரு வரி எழுதாதா என்று காத்திருந்தேன். மதியம் ஒன்று வந்தது. குவைத்திலிருந்து, நான் அறியாத ஒரு பையன். அன்புள்ள அம்மாவுக்கு என்று தொடங்கியிருந்தது. எந்த அம்மாவைப் போய் அழைத்து வருவது என்று அதில் இல்லை.