பக்கத்துக் கம்பெனி

திருத்தங்கலில் காலண்டர் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் நான் புரூப் பார்ப்பவன். போன சீசனில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு விண்வெளிக் காலண்டர் ஆர்டர் வந்தது. அக்டோபர் பக்கத்தில் செந்நிறப் புகை மாதிரி ஒரு படம். அதன் கீழே இப்படி இருந்தது: ‘பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்துச் சாகும்போது எழும் அதிர்வலை, பக்கத்திலுள்ள வாயு மேகத்தை நெருக்கி, புதிய நட்சத்திரங்கள் பிறக்க வழி செய்யலாம். மிகவும் கிட்டத்தில் இருந்தால் அந்த மேகமே சிதறியும் போகலாம்.’

இரண்டாவது வாக்கியத்தில் பேனாவை வைத்திருந்தபோதுதான் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

எங்கள் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால் யாரும் வெளியே ஓடுவதில்லை. போனை எடுப்போம். கேட்பது ஒன்றுதான்: எந்தக் கம்பெனி? ஆமத்தூர்ப் பக்கம் என்றார்கள். என் மனைவி வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியும் அந்தப் பக்கம்தான். செல்போனைக் கம்பெனி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் அவளைக் கூப்பிட முடியாது. வேலையாட்களை ஏற்றிப் போகும் வேன் டிரைவரைத்தான் கூப்பிட வேண்டும். ஊரே அவரை அழைத்துக்கொண்டிருந்தது போல, லைன் கிடைக்கவில்லை.

உட்கார்ந்தேன், எழுந்தேன். பக்கத்து மேசைக்காரர் “டீ சாப்பிடுறீகளா?” என்று கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். அந்த வரிகளை மறுபடி படித்தேன். ஒன்று செத்தால் பக்கத்தில் இன்னொன்று பிறக்குமாம். எழுதியவர் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினாரோ. சிவப்பு மையால் இரண்டையும் அடித்துவிட்டு, வேன் நிற்கும் இடத்துக்குக் கிளம்பினேன்.

பொழுது சாயும்போது வேன் வந்தது. நாலாவது ஆளாக இறங்கினாள்.

“இங்கன எதுக்கு நிக்கிறீக? எங்களுக்கு ஒண்ணுமில்ல. பக்கத்துக் கம்பெனிதான்.”

வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. மறு நிமிடமே அப்படி இருந்ததற்குக் கூசிப்போனேன். அங்கே வெடிமருந்து கலக்கும் அறையில் இருந்த பெண்ணை இவளுக்குத் தெரியும். மதியம் வேலியோரம் நின்று இருவரும் குழம்பு மாற்றிக்கொள்வார்கள். இனி அவள் வரமாட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கைகளை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். சாப்பிடவில்லை. பாயை விரிக்கும்போதுதான் சொன்னாள்.

“அவுக ஆர்டர் எல்லாம் எங்க கம்பெனிக்கு வருதாம். புதுசா ஆள் எடுக்காக. நாளையிலருந்து வேன் ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துரும்.”

“நீ போகாத.”

“போகாம?” என்றாள். அலாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் காலையில் அக்டோபர் பக்கத்தை எடுத்து, அடித்த வரிகளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் குறி போட்டேன். அவற்றில் பிழை ஒன்றும் இல்லை. அவள் வேலைக்குப் போய் அதற்குள் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியையே பார்த்தபடி இருந்தேன்.