மூன்று கடைவாய்ப் பற்கள்

ஷேக் மைதீன் நசுருதீன் ராவுத்தர், பிறந்தது 1928, இன்றும் நம்மிடையே இருப்பவர், நகம் வெட்டினால் அந்தத் துண்டுகளை ஒரு காகிதத்தில் கூட்டி எடுத்துக்கொண்டு வீட்டின் பின்கட்டுக்குப் போவார். அங்கே ஒரு மாதுளை நிற்கிறது. வீட்டுக்காரர் பின்கட்டு முழுவதும் சிமெண்டுத் தளம் போட ஆள் அனுப்பியபோது, மரத்தைச் சுற்றி இரண்டு முழம் மண்ணை மட்டும் விட்டுவிடச் சொல்லி, தளம் காயும்வரை பக்கத்தில் நின்று காவல் காத்தவர் அவர். அந்த மண்ணில்தான் அவருடைய நகங்கள் இருக்கின்றன. பற்களும் இருக்கின்றன.

“உடம்பு அமானிதமுங்க. நம்மள நம்பிக் குடுத்து வெச்சது. உழுந்ததக் குப்பையில போட்டா, குடுத்தவன் நாளைக்குக் கேக்க மாட்டானுங்களா?” என்பார். பிறருக்குப் போதிக்கும் குரலில் அல்ல; கடையைப் பூட்டினால் சாவியைக் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்பவரின் குரலில்.

கோட்டைமேட்டில் அவருக்குப் பாக்கு மண்டி. மூட்டையைப் பிரித்ததும் ஒரு பாக்கை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். நன்றாகக் காய்ந்தது ‘டக்’கென்று உடையும், ஈரம் உள்ளது பல்லோடு ஒட்டும். அந்தச் சத்தத்தை வைத்தே விலை பேசுவார். நாற்பது ஆண்டுகள் இப்படிக் கடித்ததில் பற்கள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தும் ஆடியும் விடைபெற்றன. ஒவ்வொன்றையும் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றி, மாதுளையடியில் புதைத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

அவர் மனைவி ஜாஹிதா பீவிக்கு இதில் ஓயாத கேலி.

“பாதி மனுசனப் பொடக்காணியில பொதைச்சாச்சு. மீதியத் தூக்கறதுக்கு நாலு பேரு எதுக்குங்க, ரெண்டு பேரு போதும்.”

“அப்ப நீயும் பாதி அழுதாப் போதும் புள்ள.”

கடைசியில் கீழ்த்தாடைக் கடைவாயில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதன் தலை பாக்கிலேயே தேய்ந்து தீர்ந்து, ஈறுக்குள் வேர் மட்டும் இருந்தது. சீழ் வைத்துக் கன்னம் வீங்கிய பிறகும் பல் மருத்துவரிடம் போவதைத் தள்ளிக்கொண்டே வந்தார். வலிக்கு அஞ்சியல்ல. காந்திபுரத்தில் மருத்துவமனை வைத்திருந்த டாக்டர் சாய்ப்ரியா, ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, “ஏனுங்க பாய், இத்தன நாளா வரல?” என்று கேட்டபோதுதான் காரணத்தைச் சொன்னார்.

“இது போச்சுன்னா, அடுத்தது முழு உடம்புதானுங்க அம்மணி.”

அந்தப் பெண் தலையசைத்துவிட்டு ஊசியைப் போட்டாள். அவருடைய வழக்கம் அவளுக்குத் தெரியும். அதற்கு முன் அவள் பிடுங்கிய பற்களை எல்லாம், அவர் கேட்காமலே பஞ்சில் சுற்றிக் கொடுத்திருக்கிறாள்.

வேர் எளிதில் வரவில்லை. நெம்பி எடுத்து முடிந்து எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. மருத்துவர் அவரைத் தாங்கிப் பிடித்து வெளியறை பெஞ்சில் படுக்க வைத்தாள். அந்த வாரம்தான் உதவியாளாகச் சேர்ந்திருந்த லட்சுமணசாமி, இடைப்பட்ட நேரத்தில் கருவித் தட்டைத் துடைத்து அடுத்தவருக்கு ஆயத்தம் செய்துவிட்டார்.

“ஏனுங்க, என்ற பல்லுங்க?” பஞ்சை அதக்கிய வாயோடு கேட்டார் நசுருதீன்.

“எந்தப் பல்லுங்க பாய்?”

“இப்ப எடுத்தது.”

“அதையா கேக்கறீங்க? வாளியில போட்டுப்போட்டேனுங்களே.”

நசுருதீன் கோபிக்கவில்லை. கைலியை ஒதுக்கிக்கொண்டு வாளியின் முன்னால் தரையில் குந்தினார். கை உள்ளே போவதற்குள் மருத்துவர் ஓடி வந்தாள்.

“கைய உடாதீங்க பாய், ஊசியெல்லாம் கெடக்குது!”

கையுறையை மாட்டிக்கொண்டு, அவருக்கு எதிரே அவளும் தரையில் அமர்ந்தாள். செய்தித்தாளை விரித்து வாளியைக் கவிழ்த்தாள். இரத்தம் தோய்ந்த பஞ்சுகளைக் கிளறி, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வேர்களை எடுத்து வைத்தாள்.

“காலையில இருந்து மூணு பேருக்கு எடுத்தேனுங்க. மூணும் தலை தேஞ்ச கடைவாய்ப் பல்லு, மூணும் வெத்தலபாக்குப் போட்ட வாயி. எது உங்களுதுன்னு எனக்கே சொல்லத் தெரியலீங்க பாய். மன்னிச்சுக்குங்க.”

அவர் மூன்றையும் உற்றுப் பார்த்தார். எழுபதை நெருங்கும் வரை வாயில் வைத்திருந்த பொருளை அவராலும் அடையாளம் காண முடியவில்லை.

“எல்லாம் நம்ம சரக்குப் பட்டதாத்தான் இருக்கும்” என்றார். “மத்த ரெண்டு பேரு ஆருங்க?”

“ஒருத்தரு சோமனூரு, தறி ஓட்டறவரு. இன்னொருத்தரு சரவணம்பட்டியில இருந்து வந்த அம்மா. ரெண்டு பேரும் அப்பவே போயிட்டாங்க.”

“அவங்க சனத்துல பொதைப்பாங்களா, எரிப்பாங்களா?”

“அது எனக்கெப்பிடீங்க தெரியும்?”

அவருடைய தயக்கம் அங்கேதான் இருந்தது. தன்னுடையதை வாளியில் விட்டுப் போனால் கணக்கு நேராகாது. கேட்காமல் பிறருடையதை எடுத்துப் போய்த் தன் வீட்டு மண்ணில் வைப்பதும் முறையாகுமா என்று தெரியவில்லை. வாயிலிருந்த பஞ்சு சிவந்து நனைந்தது.

செய்த பிழையால் குன்றிப்போய் நின்ற லட்சுமணசாமி மெல்ல வாய் திறந்தார். “எங்கூர்ல கொழந்தப் பல்லுன்னா சாணியில வெச்சுக் கூரை மேல எறிவோமுங்க. கெழவம் பல்லக் கேக்கறதுக்கு ஆருங்க இருக்கறாங்க? நீங்களே கொண்டு போங்க பாய்.”

“ஆரும் இல்லைன்னு சொல்லாதீங்க” என்றார் நசுருதீன். பிறகு கைக்குட்டையை விரித்து நீட்டினார்.

டவுன் பஸ்ஸில் அந்த முடிச்சைச் சட்டைப்பையில் போடாமல், உள்ளங்கையிலேயே வைத்து மடிமீது பிடித்துக்கொண்டு வந்தார்.

ஜாஹிதா பீவி முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “ஒரு பல்லப் புடுங்கப் போயிட்டு மூணு பல்லோட வந்திருக்கீங்க. ஆரைக் கடிச்சீங்க?”

நடந்ததை அவர் சொல்லச் சொல்ல அவள் முகத்திலிருந்த சிரிப்பு அடங்கியது. ஒரு பல்லுக்கென்று எடுத்து வைத்திருந்த வெள்ளைத் துணியை, மூன்றாகக் கிழித்துக் கொடுத்தாள்.

ஒருவரோடு ஒருவர் பழகாதவர்கள் என்பதால் ஒரே குழியில் போட அவருக்கு மனம் வரவில்லை. சாண் இடைவெளி விட்டு மூன்று குழிகள் தோண்டி, தனித்தனியே வைத்து மூடினார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, விருந்தாளிகளுக்கு முதலில் ஊற்ற எண்ணிக் குனிந்தவர், எந்தக் குழியில் இருப்பவர் விருந்தாளி என்று தெரியாமல் சற்று நின்றார். பின்பு மூன்றின்மீதும் ஒரே அளவாக ஊற்றி, ஈரமண்ணை உள்ளங்கையால் அழுத்திவிட்டார். நசுருதீன் ராவுத்தர் கடைசியாகப் பல் புதைத்தது 1995 ஆகஸ்ட் 9, புதன்கிழமை.